பேயுமல்ல, தாயுமல்ல!

நமக்கு ஜலதோஷம் பிடித்தால் அந்தச் செய்தி தெருவுக்கெல்லாம் தெரிந்துவிடுகிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் விசாரிக்கிறார்கள். ஒருவர் மிளகுக் கஷாயம் போடச் சொல்லுகிறார். மற்றொருவர் நொச்சித் தழையைப் போட்டு ஆவி பிடிக்கச் சொல்லுகிறார். மூன்றாமவர், தம்முடைய மாமனாரின் ஜலதோஷம் முற்றி எதில் போய் முடிந்தது என்பதை விஸ்தாரமாக வர்ணித்துவிட்டு, காப்பி சாப்பிட்டு விடைபெற்றுக் கொள்ளுகிறார். சர்க்கரை வியாதிக்காரர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கலியாணப் பந்தியில் அடுத்தடுத்த இலைகளில் உட்கார்ந்துகொண்டு, கிரிக்கெட் ஆட்டத்தின் கணக்கைச் சொல்வதுபோல் தத்தம் இரத்தத்திலுள்ள சர்க்கரைக் கணக்கைச் சொல்லிக் கொள்ளுகிறார்கள். வியாதி வந்தால் வெட்கப்பட வேண்டியதில்லை என்ற பாடத்தை நாம் நன்றாகத்தான் கற்றுக்கொண்டிருக்கிறோம்.

ஆனால் ஒரே ஒரு வகை வியாதிக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது. காலேஜில் படிக்கும் பிள்ளை ஒருவன் இருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். இரவெல்லாம் தூங்காமல் உலாவுகிறான். சாதத்தில் யாரோ எதையோ கலந்துவிட்டார்கள் என்று இலையைத் தள்ளிவிடுகிறான். ஆளில்லாத இடத்திலிருந்து வரும் பேச்சுக்குக் காது கொடுக்கிறான். இப்போது வருகிறவர்களுக்கு என்ன சொல்லப்படுகிறது? முதலில், "பரீட்சைக்குப் படிக்கிறான்." சில மாதம் கழித்து, "மாமா வீட்டுக்குப் போயிருக்கிறான்." உண்மையில் அவன் எங்கும் போகவில்லை. பின்கட்டு அறையில் இருக்கிறான். அந்த அறைக் கதவு சாத்தியிருக்கிறது.

அந்தக் கதவைச் சாத்தியவர்கள் கொடியவர்கள் அல்ல. அவனிடம் உயிரையே வைத்திருக்கும் தாய் தந்தையர்தான். அவர்கள் பயந்திருக்கிறார்கள். தங்கையின் கலியாணம் நின்றுபோகுமே என்ற பயம். ஊர் சிரிக்குமே என்ற பயம். எல்லாவற்றுக்கும் மேலாக, "இது யார் செய்த குற்றம்?" என்ற கேள்வி அவர்களைத் தின்றுகொண்டிருக்கிறது.

இந்தக் கேள்விக்கு விஞ்ஞானிகள் சமீப காலத்தில் சொல்லியிருக்கும் பதிலை நேயர்களுக்கு எடுத்துச் சொல்வதே நமது நோக்கம். அந்தப் பதில் தெரிந்தால், சாத்திய கதவுகளில் சிலவாவது திறக்கும் என்று நம்புகிறோம்.

யார் குற்றம்?

நம் நாட்டில் இந்தக் கேள்விக்கு வழக்கமான பதில் 'பேய்' என்பது. புளியமரத்தடியில் பிடித்தது, செய்வினை, முன்னோர் சாபம் என்றெல்லாம் அதற்குப் பல கிளைகள் உண்டு. மேல்நாட்டார் இதைக் கேட்டு நகைப்பது வழக்கம். ஆனால் அவர்கள் கண்டுபிடித்த பதிலைக் கேட்டால் நாமும் கொஞ்சம் நகைக்கலாம். 1948-ம் வருஷத்தில் அமெரிக்காவிலிருந்த மனநோய் வைத்தியரான பிரீடா பிராம்-ரீக்மன் என்ற அம்மையார், அன்பு காட்டத் தெரியாத தாய்மாரே பிள்ளைகளுக்கு மனச்சிதைவு நோய் உண்டாகக் காரணம் என்ற கருத்தை வெளியிட்டார். அதன் பிறகு ஏறக்குறைய முப்பது வருஷ காலம் மேல்நாட்டு டாக்டர்களில் பலர் அதை வேதவாக்காகக் கொண்டிருந்தார்கள். பிள்ளையை அழைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போன தாய், தானே நோயின் கிருமி என்று கேட்டுக்கொண்டு திரும்பினாள்.

நாம் பேய் என்றோம். அவர்கள் தாய் என்றார்கள். இரண்டும் தவறு என்பது இன்று தெளிவாகிவிட்டது. தாயின் மேல் சுமத்திய குற்றம் ஆராய்ச்சியில் நிரூபணமாகவில்லை. பேயின் மேல் சுமத்தியதைப் பற்றிச் சொல்ல வேண்டியதே இல்லை.

அப்படியானால் உண்மைக் காரணம் என்ன? அது ஒரே நாளில் அகப்பட்டதல்ல. இன்றும் முழுவதும் அகப்பட்டுவிடவில்லை. ஆனால் முதன்முதலாக ஒரு மனநோயின் காரணம் கையும் களவுமாகப் பிடிபட்ட வருஷம் 1913. அக்காலத்தில் ஐரோப்பிய, அமெரிக்க மனநோய் விடுதிகளில் ஒரு வகை நோயாளிகள் ஏராளமாக இருந்தார்கள். தாங்கள் சக்கரவர்த்தி என்பார்கள்; கோடிக்கணக்கில் பணம் இருக்கிறது என்பார்கள்; பிறகு கை கால் விழுந்து, சில வருஷங்களில் இறந்துபோவார்கள். இவர்களைப் பற்றிப் பல தத்துவங்கள் எழுதப்பட்டிருந்தன. நியூயார்க்கில் வேலை செய்த ஹிடேயோ நொகுச்சி என்னும் ஜப்பானிய விஞ்ஞானியும் அவருடைய சகாவான மூர் என்பவரும், இறந்த நோயாளிகளின் மூளையைப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தார்கள். அங்கே மேக நோய்க் கிருமி சுருண்டு கிடந்தது! சக்கரவர்த்திப் பித்தெல்லாம் அந்தக் கிருமியின் வேலை. பின்னால் பெனிசிலின் வந்ததும் அந்த வியாதி விடுதிகளிலிருந்து அநேகமாக மறைந்தே போயிற்று.

மனம் கெடுவதற்கு மூளையில் நேரும் கேடு காரணமாகலாம் என்பதை இது சந்தேகமின்றிக் காட்டியது. ஆனால் மற்ற மனநோய்களில் அப்படி ஒரு கிருமியும் அகப்படவில்லை. அந்த இருட்டில் முதல் வெளிச்சம் காட்டிய பெருமையில் நம் நாட்டு வேர் ஒன்றுக்கும் பங்கு உண்டு.

ஒரு வேரின் யாத்திரை

சர்ப்பகந்தி என்னும் செடியின் வேரைச் சித்தப்பிரமைக்கும் தூக்கமின்மைக்கும் நாட்டு வைத்தியர்கள் நெடுங்காலமாகக் கொடுத்து வந்தார்கள். பீகார் பக்கத்தில் அதற்கு 'பாகல் கி தவா', அதாவது 'பித்தனுக்கு மருந்து' என்றே பெயர். 1931-ல் கல்கத்தாவைச் சேர்ந்த கணநாத சேனும் கார்த்திக் சந்திர போஸும் இந்த வேரின் குணத்தைப் பற்றி வைத்தியப் பத்திரிகை ஒன்றில் எழுதினார்கள். கொதிக்கும் இரத்த அழுத்தத்தைத் தணிக்கிறது, வெறிகொண்ட மனத்தை அமைதிப்படுத்துகிறது என்பது அவர்கள் கண்ட முடிவு. அதே வருஷத்தில் டில்லியில் சலீமுஸ்ஸமான் சித்திக்கி என்ற இரசாயன நிபுணர் அந்த வேரிலிருந்து சில சத்துக்களைப் பிரித்தெடுத்து, அவற்றில் ஒன்றுக்கு 'அஜ்மலைன்' என்று பெயரிட்டார். 1921-ம் வருஷத்து அகமதாபாத் காங்கிரஸில் தலைமை வகித்த ஹக்கீம் அஜ்மல் கானின் ஞாபகார்த்தமாக இட்ட பெயர் அது.

ஆனால் உலகம் திரும்பிப் பார்க்க இருபது வருஷம் பிடித்தது. 1949-ல் பம்பாய் டாக்டர் ருஸ்தம் வக்கீல், இந்த வேரைப் பற்றி ஆங்கில இருதய வைத்தியப் பத்திரிகையில் எழுதினார். பிறகுதான் ஸ்விட்சர்லாந்துக்காரர்கள் விழித்துக்கொண்டார்கள். 1952-ல் அவர்கள் அந்த வேரிலிருந்து 'ரிஸர்பைன்' என்ற சத்தைப் பிரித்தெடுத்தார்கள். 1954-ல் நியூயார்க்கில் நேதன் கிளைன் என்ற டாக்டர் அதை மனநோயாளிகளுக்குக் கொடுத்து வெளியிட்ட அறிக்கை பெரும் பரபரப்பை உண்டாக்கியது.

இதற்குள் பிரான்ஸ் தேசத்தில் மற்றொரு மருந்து பிறந்துவிட்டது. ஹென்றி லபோரி என்ற கடற்படை டாக்டர், ரண சிகிச்சையின்போது நோயாளிக்கு ஏற்படும் அதிர்ச்சியைக் குறைப்பதற்காகத் தேடிய மருந்து அது. பெயர் குளோர்ப்ரோமஸீன். 1952-ல் பாரிஸ் நகரத்து டாக்டர்களான டிலேயும் டெனிகரும் அதை மனநோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். கூச்சலும் குமுறலுமாக இருந்தவர்கள் உட்கார்ந்து பேச ஆரம்பித்தார்கள்.

இந்த மருந்துகள் ஏன் குணம் செய்கின்றன என்பது அப்போது யாருக்கும் தெரியாது. கூரையில் ஒழுக்கு நிற்கிறது. ஓட்டை எங்கே என்பது மட்டும் தெரியவில்லை! ஓட்டையைக் காட்டிக்கொடுத்தவை முயல்கள். ஸ்வீடன் தேசத்து அர்விட் கார்ல்ஸன் என்ற விஞ்ஞானி, நமது சர்ப்பகந்திச் சத்தை முயல்களுக்கு ஊசி போட்டார். முயல்கள் காதைத் தொங்கவிட்டுக்கொண்டு அசைவற்றுக் கிடந்தன. பிறகு, மூளையில் 'டோபமைன்' என்னும் பொருளாக மாறக்கூடிய ஒரு மருந்தைச் செலுத்தினார். சிறிது நேரத்தில் முயல்கள் எழுந்து ஓட ஆரம்பித்தன! இது நடந்தது 1957-ல். இந்த வழியில் செய்த ஆராய்ச்சிகளுக்காக அவருக்கு 2000-ம் வருஷத்தில் நோபல் பரிசு கிடைத்தது.

நமது மூளையில் கோடானுகோடி நரம்பணுக்கள் இருக்கின்றன. ஒன்றிடமிருந்து மற்றொன்றுக்குச் செய்தி கொண்டுபோகும் தபால்காரர்களாகச் சில இரசாயனப் பொருள்கள் வேலை செய்கின்றன. டோபமைன் அவற்றில் ஒன்று. சர்ப்பகந்திச் சத்து தபால் பையைக் காலி செய்துவிடுகிறது. பிரெஞ்சு மருந்தோ தபால் பெட்டியின் வாயை அடைத்துவிடுகிறது. மனச்சிதைவு நோயில் இந்தத் தபால்காரர் வேண்டாத வாசலிலெல்லாம் தந்தியைப் போட்டுவிட்டுப் போகிறார். அற்பமான ஒரு பார்வையும் இருமலும் தனக்கென்றே வந்த அவசரச் செய்தியாக நோயாளிக்குத் தோன்றுகிறது. பின்கட்டு அறையில் இருக்கும் பிள்ளை பொய் சொல்லவில்லை. அவன் மூளைக்கு வரும் தபால் அப்படி இருக்கிறது.

சர்ப்பகந்தியைவிடப் பத்திரமான மருந்துகள் வந்துவிட்டபடியால் இன்று மனநோய்க்கு அதை அநேகமாக யாரும் கொடுப்பதில்லை. ஆனாலும் அந்த வேர் காட்டிய வழியில்தான் உலகம் வெகுதூரம் நடந்திருக்கிறது.

மல்லிகைச் செடியும் மூளையும்

டோபமைன் மட்டுமே முழுக் காரணம் என்று எண்ணிவிடக் கூடாது. தபால்காரர் ஏன் தவறினார் என்ற கேள்வி பாக்கியிருக்கிறது. இங்கே பரம்பரை என்னும் விஷயம் வருகிறது. பெண் பார்க்கப் போகிறவர்கள் காதைத் தீட்டிக்கொள்ளும் இடம் இதுதான். ஆகவே சற்று நிதானமாகச் சொல்லுவோம்.

மனச்சிதைவு நோய் நூற்றுக்கு ஒருவருக்கு வாழ்நாளில் எப்போதாவது வரக்கூடியது. பெற்றோரில் ஒருவருக்கு அந்த நோய் இருந்தால், பிள்ளைக்கு வருவதற்குள்ள சாத்தியம் ஏறக்குறைய நூற்றுக்குப் பத்து. அதாவது, பத்தில் ஒன்பது பிள்ளைகளுக்கு வருவதில்லை. அச்சில் வார்த்தாற்போலிருக்கும் இரட்டையரில் ஒருவருக்கு நோய் வந்தால்கூட, மற்றவருக்கு வருவது சுமார் பாதிப் பேருக்குத்தான். இரத்தமும் மரபணுவும் ஒன்றாயிருந்தும் பாதிப் பேர் தப்பிவிடுகிறார்கள். ஆகவே பரம்பரை என்பது தலையெழுத்து அல்ல.

2022-ல் பல தேசத்து விஞ்ஞானிகள் ஒன்றுகூடி, 76,755 நோயாளிகளின் மரபணுக்களை நோயில்லாதவர்களின் மரபணுக்களோடு ஒப்பிட்டு முடிவை வெளியிட்டார்கள். நோயோடு சம்பந்தமுள்ள 287 இடங்கள் மரபணுத் தொகுதியில் தென்பட்டன. அவற்றில் ஒவ்வொன்றும் செய்வது துளித்துளி வேலை. நம்மில் ஒவ்வொருவரிடமும் அவற்றில் பல இருக்கின்றன. 'எங்கள் வம்சத்தில் ஒன்றும் இல்லை' என்று எவரும் மார்தட்டிக்கொள்ள இடமில்லை! பரிசோதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் ஐரோப்பிய வம்சத்தினர் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். நம் நாட்டு மக்களைப் பற்றிய ஆராய்ச்சி இன்னும் பெருகவேண்டியிருக்கிறது.

இந்த இடங்களில் ஒன்று விஞ்ஞானிகளின் கவனத்தை மிகவும் கவர்ந்தது. மல்லிகைத் தோட்டம் வைத்திருப்பவர்கள் வருஷத்துக்கு ஒரு முறை செடியைக் கவாத்து செய்வார்கள். வேண்டாத கிளையை வெட்டினால்தான் செடி நன்றாகப் பூக்கும். நமது மூளையிலும் இப்படி ஒரு கவாத்து நடக்கிறது. குழந்தைப் பருவத்தில் நரம்பணுக்கள் ஒன்றோடொன்று அளவுக்கு மிஞ்சிக் கைகோத்துக் கொள்ளுகின்றன. வளர வளர, வாலிபப் பருவம் வரையில், வேண்டாத இணைப்புகள் களையப்படுகின்றன. 2016-ல் அமெரிக்காவிலுள்ள பாஸ்டன் நகரத்து விஞ்ஞானிகள் 'ஸி-4' என்னும் மரபணுவை ஆராய்ந்தார்கள். நோய்க் கிருமிகளை எதிர்ப்பதற்கென்று உடம்பில் அமைந்த மரபணு அது. அதில் ஒரு வகை அதிகமாயிருப்பவர்களுக்கு மனச்சிதைவு நோய் வரும் சாத்தியம் சற்று அதிகம் என்று கண்டார்கள். எலிகளில் சோதித்தபோது, இணைப்புகளைக் களையும் வேலையில் இந்த மரபணுவுக்குப் பங்கு இருப்பதும் தெரிந்தது. கத்தரிக்கோல் சற்று அதிகமாக வெட்டிவிட்டதோ என்று ஊகிக்கிறார்கள். இந்த நோய் பெரும்பாலும் பதினாறு வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடையில் தலைகாட்டுவதேன் என்பதற்கும் இது ஓரளவு விளக்கமாகிறது.

பரம்பரையோடு வேறு காரணங்களும் சேருகின்றன. பிரசவ காலத்துச் சிக்கல்கள், சிறு வயதில் அனுபவித்த கொடுமைகள், வாலிபப் பருவத்தில் கஞ்சாப் பழக்கம் ஆகியவை நோய் வரும் சாத்தியத்தை அதிகமாக்குகின்றன. ஒரே மூட்டையில் பத்துப் பேர் ஆளுக்குக் கொஞ்சம் பாரம் ஏற்றுகிறார்கள். எவர் ஏற்றிய பாரத்தில் முதுகு ஒடிந்தது என்று சொல்ல முடியுமா?

ஒரு கடிகாரப் படம்

மனநோய் போலத் தோன்றுவது சில சமயம் உடல்நோயாகவே இருக்கலாம் என்பதற்கு ஒரு சம்பவம். 2009-ல் நியூயார்க் பத்திரிகை ஒன்றின் நிருபரான சூசன்னா கஹலன் என்ற இருபத்து நாலு வயதுப் பெண்ணுக்குத் திடீரென்று சந்தேகமும் பிதற்றலும் வலிப்பும் உண்டாயின. பரிசோதனைகளில் ஒன்றும் தெரியவில்லை. மனநோய் விடுதிக்கு மாற்றிவிடலாமா என்ற யோசனையும் எழுந்தது. அப்போது சூஹேல் நஜ்ஜார் என்ற டாக்டர் ஒரு காகிதத்தைக் கொடுத்து, கடிகாரம் ஒன்று வரையச் சொன்னார். அந்தப் பெண் வட்டம் போட்டு, ஒன்று முதல் பன்னிரண்டு வரையில் எல்லா எண்களையும் வலது பாதியிலேயே எழுதிவிட்டாள். மூளையின் வலது புறம் வீங்கியிருக்கிறது என்று டாக்டர் ஊகித்துக்கொண்டார். உடம்பைக் காக்கவேண்டிய எதிர்ப்புச் சக்தியே மூளையைத் தாக்கும் வியாதி அது. 2007-ல்தான் ஜோஸப் டால்மௌ என்பவரும் அவருடைய சகாக்களும் அதைத் தெளிவாகக் கண்டறிந்திருந்தார்கள். தக்க சிகிச்சைக்குப் பிறகு அந்தப் பெண் குணமாகித் தன் வேலைக்கே திரும்பி, தன் அனுபவத்தைப் புத்தகமாகவும் எழுதினாள்.

இதற்கு முந்திய தலைமுறைகளில் இதே வியாதி வந்த பெண்கள் எத்தனை பேர் பேய் பிடித்தவர்கள் என்று அடிபட்டிருப்பார்கள் என்று எண்ணினால் நெஞ்சம் நடுங்குகிறது. இது அபூர்வமான வியாதிதான். ஆனால் தைராய்டு கோளாறு, சில வைட்டமின் குறைவு முதலிய சாதாரண விஷயங்களும் மனத்தைக் கலக்கக்கூடும். ஆகவேதான் முதலில் டாக்டர் உடம்பை நன்றாகப் பரிசோதிக்க வேண்டும் என்பது.

மருந்தும் மனிதர்களும்

இனி வைத்தியத்துக்கு வருவோம். அளவுகடந்த உற்சாகமும் அளவுகடந்த சோர்வும் மாறி மாறி வரும் நோய்க்கு, ஆஸ்திரேலிய டாக்டர் ஜான் கேட் 1949-ல் வெளியிட்ட லித்தியம் என்னும் எளிய உப்பு இன்றும் முக்கியமான மருந்தாக இருக்கிறது. யுத்த காலத்தில் மூன்று வருஷத்துக்கு மேல் சிங்கப்பூர் சாங்கியில் ஜப்பானியரிடம் கைதியாயிருந்தவர் அவர். கினி எலிகளுக்கு லித்தியத்தைக் கொடுத்துப் பார்த்து, தாமும் விழுங்கிப் பார்த்த பிறகே நோயாளிகளுக்குக் கொடுத்தார். மனச்சிதைவு நோய்க்கு எழுபது வருஷ காலம் வந்த மருந்துகளெல்லாம் டோபமைன் தபால் பெட்டியையே அடைத்து வந்தன. 2024 செப்டம்பரில் அமெரிக்க சர்க்கார் அநுமதித்த 'ஸனோமெலின்-ட்ரோஸ்பியம்' என்ற கூட்டு மருந்துதான் முதன்முதலாக வேறொரு வாசல் வழியாகப் போய் வேலை செய்கிறது. நாளடைவில் அதன் குணதோஷங்கள் நன்றாக விளங்கும்.

விஞ்ஞானமும் தவறு செய்ததுண்டு. மூளையின் முன்பகுதி நரம்புகளை அறுத்துவிடும் சிகிச்சைக்கு 1949-ல் நோபல் பரிசே கொடுத்தார்கள். இன்று அதைக் கைவிட்டுவிட்டார்கள். மறுபக்கத்தில், சினிமாவில் காட்டிக் காட்டி எல்லோரும் அஞ்சும்படி செய்துவிட்ட மின்சார சிகிச்சை, மயக்க மருந்து கொடுத்து முறைப்படி செய்யும்போது, சாப்பாட்டையே மறுத்துச் சாவை விரும்பும் அளவுக்கு முற்றிய மனச்சோர்வு நோயில் பலருடைய உயிரைக் காப்பாற்றுகிறது.

எல்லாவற்றுக்கும் மருந்துதான் என்பதுமில்லை. கோவாவில் நடந்த ஓர் ஆராய்ச்சி இதற்கு உதாரணம். டாக்டர் அல்லாத சாதாரண ஊர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து, மனச்சோர்வு நோயாளிகளோடு ஆறு முதல் எட்டு முறை வரை முறையாகப் பேசும்படி செய்தார்கள். கவலையில் முடங்கிக் கிடப்பவரைச் சிறு சிறு காரியங்களில் மீண்டும் ஈடுபடச் செய்வதே அந்தப் பேச்சின் சாரம். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, வழக்கமான வைத்தியம் மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 39 பேர் தேறியிருந்தார்கள். அதோடு பேச்சுத் துணையும் கிடைத்தவர்களில் 64 பேர்! 2016-ன் இறுதியில் வெளிவந்த இந்த முடிவைப் பணக்கார தேசங்களும் கவனித்துப் படித்தன.

மனித உறவே மருந்தாகும் என்பதை நம் நாட்டு டாக்டர்கள் முன்னமே கண்டிருக்கிறார்கள். 1950-களில் அமிர்தசரஸ் மனநோய் ஆஸ்பத்திரியில் டாக்டர் வித்யா சாகர் மைதானத்தில் கூடாரம் அடித்து, நோயாளிகளின் குடும்பத்தாரையும் உடன் தங்கச் செய்தார். நம் வேலூர் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரி ஆஸ்பத்திரியின் மனநல நிலையமும் அதே காலத்தில் தொடங்கி, உறவினர் ஒருவர் நோயாளியோடு தங்கும் முறையைக் கைக்கொண்டது. நோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரித்து மதில் சுவருக்குள் வைப்பதே வழக்கமாயிருந்த உலகத்தில் இது புதுமை.

சென்னைக் கீழ்ப்பாக்கத்திலும் 1871 முதல் அப்படி ஒரு மதில் சுவர் இருந்தது. அதற்குள் வெளிச்சம் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் டாக்டர் சாரதா மேனன். இந்தியாவின் முதல் பெண் மனநோய் வைத்தியரான அவர், 1961 முதல் 1978 வரை அந்த ஆஸ்பத்திரியின் தலைமைப் பொறுப்பை ஏற்றிருந்தார். பிறகு 1984-ல் சென்னையில் மனச்சிதைவு நோய் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவினார். 2021-ல் தொண்ணூற்றெட்டாவது வயதில் காலமானார்.

சென்னையிலே நடந்த இரண்டு ஆராய்ச்சிகளை நேயர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். முதலாவது: 1981-82-ல், நோய் தொடங்கிய நிலையில் வந்த 90 பேரைத் தேர்ந்துகொண்டு, அவர்களை வருஷக்கணக்காகத் தொடர்ந்து கவனித்தார்கள். பத்து வருஷ முடிவில், தொடர்ந்து கவனிக்க முடிந்தவர்களில் பெரும்பாலோர் நல்ல நிலையில் இருந்தார்கள். 'மனச்சிதைவு வந்தால் வாழ்வு முடிந்தது' என்பது பொய் என்று இது காட்டியது. இரண்டாவது: சென்னை நகர மக்களிடையே நோயுள்ள 261 பேரைக் கண்டறிந்து விசாரித்தபோது, அவர்களில் 75 பேர் ஒரு நாளும் வைத்தியமே பெறாதவர்கள் என்று தெரிந்தது. இது 1998-ல் வெளியான கணக்கு. ஆஸ்பத்திரி இல்லாத காட்டிலா? இல்லை, டாக்டர்கள் நிறைந்த சென்னையிலே!

முதல் ஆராய்ச்சி நம்பிக்கையைத் தருகிறது. இரண்டாவது நம்மைத் தலைகுனிய வைக்கிறது. இந்த இரண்டுக்கும் இடையில் இருப்பதுதான் சாத்திய கதவு.

கதவு சாத்தியிருக்கும் காலம்

காலம் கடத்துவதால் என்ன கெடுதி? 2015-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆராய்ச்சி இதற்குப் பதில் சொல்லுகிறது. முதன்முறையாக நோய் கண்ட 404 பேரை 34 வைத்திய நிலையங்களில் கவனித்தார்கள். ஒரு பிரிவினருக்கு வழக்கமான வைத்தியம். மற்றப் பிரிவினருக்கு அளவான மருந்தோடு, ஆறுதலான பேச்சு, குடும்பத்தாருக்குப் போதனை, படிப்பிலும் உத்தியோகத்திலும் திரும்பச் சேருவதற்கு உதவி ஆகிய எல்லாம் சேர்ந்த வைத்தியம். இரண்டாம் பிரிவினரே அதிகமாகத் தேறினார்கள். ஆனால் அந்தப் பலன் நோய் கண்ட 74 வாரத்துக்குள் வந்தவர்களிடமே நன்றாகத் தெரிந்தது. தாமதித்து வந்தவர்களுக்கு அவ்வளவு பலன் கிடைக்கவில்லை. பரீட்சைக்குப் படிக்கிறான், மாமா வீட்டுக்குப் போயிருக்கிறான் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்த வாரங்கள் ஓடிவிடுகின்றன.

கதவைச் சாத்துவதோடு நில்லாமல் சங்கிலியும் பூட்டினால் என்ன ஆகும் என்பதற்கு இராமநாதபுரம் ஜில்லாவிலுள்ள ஏர்வாடி சாட்சி. 2001 ஆகஸ்டு 6-ந் தேதி விடியற்காலையில், அங்கே மனநோயாளிகளை வைத்திருந்த தனியார் விடுதி ஒன்றின் கூரைக் கொட்டகையில் தீப்பிடித்தது. நோயாளிகள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள், ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். அவர்களைப் பெற்றவர்கள் குணமாகும் என்ற நம்பிக்கையோடுதான் அங்கே கொண்டுவந்து விட்டிருந்தார்கள் என்பதை நினைக்கும்போது துயரம் இருமடங்காகிறது.

2017-ம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளியைச் சங்கிலியிடுவதை அறவே தடுக்கிறது. தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாகக் கருதாமல், பெரும் மன அழுத்தத்துக்கு ஆளானவராகக் கருதி உதவவேண்டும் என்கிறது. சட்டம் நல்ல சட்டம்தான். ஆனால் பின்கட்டு அறைக் கதவைச் சட்டம் வந்து திறக்க முடியாது. வீட்டார்தான் திறக்க வேண்டும்.

ஆகையால் நேயர்களுக்கு நாம் சொல்ல விரும்புவது இதுதான். வீட்டில் ஒருவர் வாரக்கணக்கில் தூக்கமில்லாமல், மனிதரோடு பழகாமல், காரணமற்ற சந்தேகத்தோடு இருந்தால், ஜலதோஷத்துக்குக் காட்டும் அக்கறையில் பாதியாவது காட்டி, டாக்டரிடம் அழைத்துச் செல்லுங்கள். "செத்துப் போகலாம் போலிருக்கிறது" என்று ஒருவர் சொன்னால் பேச்சை மாற்றாமல், அருகில் உட்கார்ந்து விசாரியுங்கள். வாய்விட்டுக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. தெரியாமல் தவிப்பவர்கள் 14416 என்ற எண்ணுக்கு இரவு பகல் எந்நேரமும் டெலிபோன் செய்து தமிழிலேயே யோசனை கேட்கலாம். 2022-ல் இந்திய சர்க்கார் தொடங்கிய 'டெலி-மானஸ்' என்னும் சேவை அது. மருந்து தொடங்கிக் கொஞ்சம் தேறியவுடன், "இனி எதற்கு?" என்று டாக்டரைக் கேளாமல் நிறுத்திவிடாதீர்கள். "கலியாணம் செய்துவைத்தால் சரியாய்ப் போய்விடும்" என்பவர்களின் பேச்சைக் காதிலேயே போட்டுக்கொள்ளாதீர்கள். கலியாணம் மருந்துமல்ல, வருகிற மருமகள் வைத்தியருமல்ல.

கோயிலுக்கும் தர்காவுக்கும் மாதா கோயிலுக்கும் போக வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. பிரார்த்தனையால் மனத்துக்குத் தெம்பு பிறக்கிறதென்றால் தாராளமாகப் போகலாம். போகும்போது மருந்துச் சீட்டும் மடியில் இருக்கட்டும். 'நோய்க்கும் பார், பேய்க்கும் பார்' என்று பழமொழி சொல்லுகிறது. நம் நாட்டில் இவ்வளவு காலமும் பேய்க்குப் பார்த்தாகிவிட்டது. நோய்க்குப் பார்ப்பதுதான் பாக்கி. அந்தப் பிள்ளை இன்னும் பின்கட்டு அறையில்தான் இருக்கிறான். பரீட்சையை அடுத்த வருஷம் எழுதிக்கொள்ளலாம். கதவை இன்றைக்கே திறந்துவிடுங்கள்.